பல்கலைக்கழகத் தரவரிசையும் மலேசியத் தமிழாய்வும்



இப்பொழிவுக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் மொழி மேடைக்குச் சற்று வறண்டதாகத் தோன்றலாம். பல்கலைக்கழகங்களை வரிசைப்படுத்தும் பட்டியல்களுக்கும் தமிழுக்கும் என்ன தொடர்பு என எண்ணுவோர்க்கு, நம் நாட்டில் நடந்த ஒரு செய்தியை முதலில் நினைவூட்ட விழைகிறேன்.

2004ஆம் ஆண்டில், இலண்டனிலிருந்து வெளிவரும் டைம்ஸ் உயர்கல்வி இதழ், குவாக்கரெல்லி சைமண்ட்ஸ் நிறுவனத்துடன் இணைந்து உலகப் பல்கலைக்கழகங்களின் பட்டியலை முதன்முறையாக வெளியிட்டது. மலாயாப் பல்கலைக்கழகத்திற்கு அதில் 89ஆம் இடம் கிட்டியது. அந்த மகிழ்ச்சி ஓராண்டே நீடித்தது. 2005ஆம் ஆண்டுப் பட்டியலில் அதன் இடம் 169. நூலகம் எரிந்துவிடவில்லை, பேராசிரியர்கள் வெளியேறிவிடவில்லை. முதற்பட்டியலில், வெளிநாட்டு மாணவர், வெளிநாட்டு ஆசிரியர் என்னும் கணக்கில் இந்நாட்டுச் சீனரும் இந்தியரும் சேர்க்கப்பட்டிருந்தனர். மறு ஆண்டு அது திருத்தப்பட்டது; இடமும் சரிந்தது. இம்மண்ணில் பிறந்து, தமிழ்ப்பள்ளியில் பயின்று, தேர்வெழுதிப் பல்கலைக்கழகம் புகுந்த நம் பிள்ளைகள் ஓராண்டுக் காலம் அயலாராக எண்ணப்பட்டனர். அவ்வாறு எண்ணப்பட்டதனால் அப்பல்கலைக்கழகத்தின் மதிப்பும் உயர்ந்தது! இதற்கு நகைப்பதா, நோவதா என இன்றளவும் எனக்கு விளங்கவில்லை.

ஆனால் அது தலையெண்ணுவதில் நேர்ந்த பிழை, திருத்த முடிந்தது. நான் இன்று பேசவிருப்பது பிழையன்று, முறை. ஆய்வின் தாக்கத்தை எவ்வாறு அளக்கின்றனர் என்பதே வினா.

அமெரிக்கராகிய யூஜின் கார்ஃபீல்டு 1964இல் அறிவியல் மேற்கோள் அடைவை வெளியிட்டார். எந்தக் கட்டுரையை எவர் எடுத்தாண்டார் என்று தேடிக் காண்பதற்கான அடைவு அது. நூலகருக்கும் ஆய்வாளருக்கும் உற்ற துணை. சமூக அறிவியலுக்கும் கலைப்புலங்களுக்கும் பின்னர்த் தனித்தனி அடைவுகள் வந்தன. காலப்போக்கில் தேடும் கருவி அளக்கும் கருவியாயிற்று. ஓர் இதழ் முந்தைய ஈராண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகள் இவ்வாண்டில் எத்தனை முறை எடுத்தாளப்பட்டன என்பதே இதழின் தாக்கக் குறியெண்ணுக்கு அடிப்படை. ஈராண்டு என்பது மருத்துவத்திற்குப் பொருந்தலாம். உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தார். அப்பதிப்புகளின் தாக்கத்தை 1889இலும் 1896இலும் கணக்கெடுத்து முடித்திருந்தால் என்ன எஞ்சியிருக்கும்? யாப்பருங்கல விருத்தியில் எடுத்துக்காட்டப்பட்டமையால் மட்டுமே சில நூல்கள் இருந்தன என்பதை நாம் அறிகிறோம். எடுத்தாளுதல் நம் மரபுக்குப் புதிதன்று; அதன் கடிகாரம்தான் வேறு.

நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தார் வெளியிடும் தரவரிசையில் ‘சமூக அறிவியலும் கலைப்புலங்களும்’ எனத் தனிப் பிரிவே உண்டு. பிற பட்டியல்களைவிட நேர்மையானது என்றே அதனைச் சொல்வேன்; கருத்துக் கணிப்பை நம்பாது, கணக்கிடும் முறையை வெளிப்படையாக அறிவிக்கிறது. எனினும் அது கணக்கில் கொள்வது பன்னாட்டு இதழ்களில் ஆங்கிலத்தில் வெளியான கட்டுரைகளை. நூல்கள் கணக்கில் இல்லை. இயற்பியலார்க்கு அதனால் இழப்புக் குறைவு. வரலாற்றாசிரியனுக்கும் இலக்கிய ஆய்வாளனுக்கும் நூலே வாழ்நாள் உழைப்பு.

இனி நம் வீட்டுக்கு வருவோம். மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறை 1956இல் தோன்றியது. அங்குப் பேராசிரியராக விளங்கிய சேவியர் தனிநாயகம் அடிகளார் முன்னின்று நடத்திய முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு 1966ஆம் ஆண்டு ஏப்ரலில் கோலாலம்பூரில் கூடியது. அதே துறையைச் சார்ந்த இராம சுப்பையா, மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வெளிவந்த தமிழ் நூல்களையும் இதழ்களையும் தேடித் தொகுத்த ‘தமிழ் மலேசியானா’ என்னும் பட்டியலை 1969இல் பல்கலைக்கழக நூலகம் வெளியிட்டது. மலேசியத் தமிழ் இலக்கிய வரலாற்றில் கைவைக்கும் எவரும் அதைப் புரட்டாமல் இருத்தல் அரிது. அது கட்டுரையன்று; பன்னாட்டு இதழில் வந்ததும் அன்று. இன்றைய கணக்கில் அதன் தாக்கம் சுழியம்.

இது வெறும் மதிப்பெண் சிக்கலாயின் நான் உங்கள் பொழுதை வீணாக்கமாட்டேன். 2006இல் நம் அரசு நான்கு பல்கலைக்கழகங்களை ஆய்வுப் பல்கலைக்கழகங்களாக அறிவித்தது. ஸ்கூடாயிலுள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2010இல் அத்தகுதி பெற்றது. அடைவுகளில் இடம்பெறும் கட்டுரைகளின் எண்ணிக்கை நிதியையும் பதவி உயர்வையும் தொடுகின்ற காலம் இது. ஆகவே எதை ஆராய்வது, எம்மொழியில் எழுதுவது என்பதனையும் அது தொடுகிறது.

அண்மையில் ஓர் இளம் விரிவுரைஞர் என்னைக் காண வந்தார். சயாம் மரண இரயில் பாதைக்கு ஜொகூர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்டோரின் பிள்ளைகளைக் குளுவாங், சிகாமட் வட்டாரங்களில் தேடிச்சென்று, அவர்கள் சொன்னவற்றைப் பதிவு செய்து வருபவர். ஆங்கிலத்தில் அவர் எழுதிய கட்டுரையைக் காட்டினார். நல்ல கட்டுரை. ஆயினும் ‘பிரட்டு’ என்று மூதாட்டி ஒருவர் சொன்னது அதில் ‘காலை வருகைப்பதிவு’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லாகிவிட்டது. இருள் பிரியுமுன் லயத்திலிருந்து ஓடிவந்து கங்காணியின் முன் நின்ற அச்சம் அச்சொல்லோடு போயிற்று. “முழுப் பதிவையும் தமிழில் நூலாக்கக்கூடாதா?” என்றேன். “ஐயா, ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது தமிழ் நூலைக் காட்டினால் ஏற்கமாட்டார்கள்” என்றார். நான் மறுமொழி சொல்லவில்லை. அவருக்குக் குடும்பம் இருக்கிறது. பதிவு தந்தவர்களுள் இருவர் அதற்குள் மறைந்துவிட்டனர்.

பழியெல்லாம் வெளியாரையே சாரும் என்று சொல்லிக் கைதட்டல் பெற நான் விரும்பவில்லை. நம் மாநாட்டு மலர்களைத் திறந்து பாருங்கள். பக்க எண்ணில்லாத மேற்கோள், ஆண்டில்லாத நூற்பட்டியல், மூன்று மலர்களில் தலைப்பு மட்டும் மாறிய ஒரே கட்டுரை, பணம் கட்டியோர் அனைவர்க்கும் இடம். ஒருவர் கண்டறிந்ததை மற்றவர் பெயர் சுட்டாமல் எடுத்துக்கொள்வதும் உண்டு. பழைய இலக்கண நூலார் ‘என்ப’, ‘என்மனார்’ என்று முன்னோரைச் சுட்டினர். நாம் அதனையும் விட்டோம். நம்மை நாமே எடுத்தாளாதபோது லைடன் நகரத்தார் எடுத்தாளவில்லை எனக் குறைப்படுதல் முறையாகாது.

உலகிலும் மாற்றுக் குரல்கள் எழாமல் இல்லை. 2015இல் வெளியான லைடன் அறிக்கை, வட்டாரத் தொடர்புடைய ஆய்வின் சிறப்பைக் காக்க வேண்டும் என்பதைத் தன் பத்து நெறிகளுள் ஒன்றாக வைத்தது. தரவரிசை வெளியிடும் அதே மையத்தைச் சார்ந்த அறிஞர்களும் அதனை எழுதியோருள் அடங்குவர் என்பது நான் இரசித்த செய்தி. பிரிட்டன் தன் 2014ஆம் ஆண்டு ஆய்வு மதிப்பீட்டில், ஆய்வு சமுதாயத்தில் விளைத்த மாற்றத்தை விளக்கும் சான்றுரைகளுக்கு நூற்றுக்கு இருபது பங்கு ஒதுக்கியது. 2021இல் அது இருபத்தைந்தாயிற்று. அதிலும் குறைகள் உண்டு. சான்றுரை எழுதுவதே ஒரு தொழிலாகிவிட்டது என்பர். எனினும் நூலுக்கும் உள்ளூர்ப் பயனுக்கும் அங்கு ஒரு கதவு திறந்தது.

இப்பேரவையிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. 1969இல் நின்ற இராம சுப்பையாவின் பட்டியலை, முதற்கண் ஜொகூர் மாநிலத்தளவிலேனும், நாம் தொடர்வோம். தோட்டப் பள்ளி மலர்கள், கோயில் குடமுழுக்கு மலர்கள், தொழிற்சங்க வெளியீடுகள், எழுத்தாளர் தம் செலவில் அச்சிட்ட நூல்கள் ஆகிய அனைத்தையும் ஆசிரியர், ஆண்டு, அச்சகம், இருக்குமிடம் ஆகிய குறிப்புகளோடு பதிவோம். ஒவ்வொன்றின் படியும் தேசிய நூலகத்தைச் சேர்ந்ததா எனப் பார்ப்போம். அவ்விளம் விரிவுரைஞரின் பதிவுகளைத் தமிழில் அச்சேற்றும் செலவை ஏற்போம். அவர் ஆங்கிலக் கட்டுரையும் எழுதட்டும், அதன் அடிக்குறிப்பில் இத்தமிழ் நூல் இடம்பெறும். குளுவாங்கில் இன்னும் ஒன்பது பேரிடம் அவர் பேச வேண்டியிருக்கிறது. அடுத்த பள்ளி விடுமுறையில் அவருடன் செல்ல வண்டியும் துணையும் தர இயன்றோர், கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் பெயர் கொடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.