நிரல் என்னும் சொல்
(மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழா அழைப்பிதழில் ‘நிகழ்ச்சி நிரல்’ என்று அச்சிட்டிருக்கிறோம். அதிலுள்ள ‘நிரல்’ என்னும் சொல்லைப் பற்றிச் சிறிது பேச விழைகிறேன்.

நிரல் என்றால் வரிசை, ஒழுங்கு. ஆயினும் ‘வரிசை’ என்னும் சொல்லில் தகுதி, சிறப்பு என்னும் பொருள்களும் கலந்துள்ளன. ‘வரிசையறிந்து நடத்தல்’ என்னும் வழக்கை எண்ணிப் பாருங்கள். நிரலுக்கோ ‘ஒப்பு’ என்றும் பொருள் உண்டு. புறநானூற்றில் அப்பொருளில் அது பயின்றுள்ளது. எனவே நிரலில் முன் நிற்பது உயர்ந்தது, பின் நிற்பது தாழ்ந்தது என்று கொள்ள வேண்டுவதில்லை. தாம்பரத்தில் மின்தொடர் வண்டி ஏறினால் சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம் என்று நிலையங்கள் வருகின்றன. அவற்றுள் எது உயர்ந்தது என்று எவரும் கேட்பதில்லை; ஆனால் நிரல் அறியாதவர் இறங்குமிடம் தவறுவார்.

பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், எட்டுப் பொருள்கோள்களுள் ஒன்றாக நிரனிறையைக் கூறுகிறது. நிரல், நிறை என்னும் சொற்கள் புணர்ந்து நிரனிறை ஆயின. சொற்களை ஒரு நிரலாகவும், அவற்றுக்குரிய பொருள்களை வேறொரு நிரலாகவும் நிறுத்திப் பொருத்துவது அது. இன்றைய உரைநடையில் ‘முறையே’ என்னும் சொல் அப்பணியைச் செய்கிறது.

சென்ற ஆண்டு சிறுவர்களுக்காக நான் எழுதிய துண்டறிக்கையில், “ரிஷபதேவர், நேமிநாதர், பார்சுவநாதர், மகாவீரர் ஆகியோரின் இலாஞ்சனங்கள் முறையே காளை, பாம்பு, சங்கு, சிங்கம்” என்று பிழைபட எழுதிவிட்டேன். பெயர்கள் நான்கும் சரி, இலாஞ்சனங்கள் நான்கும் சரி. நிரல் மட்டும் பிறழ்ந்தது. “தாத்தா, பார்சுவநாதருக்குப் பாம்புதானே?” என்று ஒரு சிறுமி கேட்டாள். நாற்பதாண்டுக் காலம் இலக்கணம் கற்பித்தவன் நாணி நின்றேன்.

அதே சிறுமியிடம், “பஞ்ச நமஸ்காரத்தில் சித்தருக்கு முன் அருகரை வணங்குவது ஏன் அம்மா?” என்று வினவினேன். அவளுக்கு விடை தெரியவில்லை. அருகர், சித்தர் ஆகியோர் முறையே காதி வினைகள் நான்கையும், எண்வினைகள் முழுவதையும் வென்றவர்கள். நிலையால் சித்தரே மேலானவர். ஆயினும் அருகர் அறமுரைத்தமையால் அன்றோ சித்தநிலை உண்டென்பதையே நாம் அறிந்தோம்? அந்த நன்றியே இந்நிரலின் காரணம்.

வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் பக்கத்து ஊர்களிலிருந்து இப்புறநகர்களில் வந்து குடியேறிய நாம், பிள்ளைகளுக்கு நிரலை மனப்பாடம் செய்விக்கிறோம். காரணத்தைச் சொல்ல நமக்கு நேரமில்லை. காரணம் அறியாத நிரல் ஒரு தலைமுறையில் வெறும் ஒலியாகும். மறு தலைமுறையில் மறந்துபோகும். நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம் என்னும் மும்மணியின் நிரலையேனும் இன்றிரவு உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பொருளோடு சொல்லுங்கள். அவர்கள் திருப்பிக் கேள்வி கேட்டால் மகிழுங்கள்.