தனி அலுவலர் காலம்

2019 மே 23 அன்று சிதம்பரம் மக்களவைத் தொகுதியின் வாக்கு எண்ணிக்கை இழுபறியாக நீண்டு, கடைசியில் தொல். திருமாவளவன் 3,219 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். அரியலூர், ஜெயங்கொண்டம், குன்னம் மூன்றும் அந்தத் தொகுதிக்குள் அடங்கியவை. ஒரு ஓட்டுகூட வீண் இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ஆனால் அதே கோடையில், அதே ஊர்களில், இரண்டரை ஆண்டாக ஊராட்சித் தலைவர் என்று ஒருவர் இல்லை. டெல்லிக்கு ஆள் அனுப்ப முடிந்தவர்களால் தெருக்குழாய்க்குப் பொறுப்பாக ஓர் ஆளைத் தேர்ந்தெடுக்க முடியவில்லை. பெரிய தேர்தலில் நாடி பிடித்துப் பார்த்துவிட்டு உடம்பு நன்றாக இருக்கிறது என்கிறோம். காலில் இருக்கும் புண்ணை யாரும் பார்ப்பதில்லை.

ஐந்தாண்டு முடியும் முன்பே அடுத்த தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்பது 73-ஆவது அரசமைப்புத் திருத்தத்தின் கட்டளை. 2016 அக்டோபரில், பழங்குடியினர் இடஒதுக்கீட்டுக் குறைபாட்டுக்காகச் சென்னை உயர் நீதிமன்றம் தேர்தல் அறிவிக்கையை ரத்து செய்தது. சுட்டிய குறை நியாயமானது. அதைச் சரிசெய்து தேர்தல் நடத்த 2019 டிசம்பர் வரை ஆனதுதான் நியாயமில்லை. அப்படி வந்த மன்றங்களின் காலமும் 2025 ஜனவரி 5-இல் முடிந்தது. அப்போதும் தேர்தல் நடக்கவில்லை, தலைவர் இடத்தில் மறுபடியும் அரசு நியமித்த தனி அலுவலர். முதலில் அ.தி.மு.க. ஆட்சி, பிறகு தி.மு.க. ஆட்சி. இந்த ஒரு விஷயத்தில் இரண்டுக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. மேடையில் மட்டும் உத்திரமேரூர்க் குடவோலையைச் சொல்லிப் பூரிப்போம். (சொந்த நிலம் இல்லாதவன் பெயர் அந்தக் குடத்தில் விழாது என்பதைச் சொல்லாமல் விடுவோம்.)

அதிகாரி இருந்தால் ஊர்ச் சண்டை இல்லை, தலைவர் பதவியை ஏலம் விடும் கூத்தும் இல்லை என்று மறுப்பவர்கள் உண்டு. ஏலம் நடப்பது உண்மை. சாதிப் பகையும் உண்மை. ஆனாலும் கணக்கைப் பாருங்கள். பெரம்பலூர் மாவட்டத்தில் 121 ஊராட்சிகள், 4 ஒன்றியங்கள். ஒன்றியத்துக்கு ஒரு வட்டார வளர்ச்சி அலுவலர் பொறுப்பு என்றால் ஒருவர் தலையில் சுமார் 30 ஊர். மோட்டார் காயில் எரிந்து மேல்நிலைத் தொட்டி வறண்டால், தலைவர் வீட்டு வாசலில் காலிக்குடத்தோடு நின்று திட்டலாம். அதிகாரியிடம் சொல்ல, ஒன்றிய அலுவலகம் இருக்கும் வேப்பூருக்கோ வேப்பந்தட்டைக்கோ பஸ் ஏற வேண்டும். அவர் திறமையானவராகவே இருக்கட்டும், அவரை ஓட்டுப்போட்டு இறக்க முடியாது. இன்னொன்று, தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்திட்டால்தான் ஊராட்சியின் காசோலை செல்லும். இருவரும் வேறு தெரு, வேறு சாதி, முகம் பார்த்துப் பேசாதவர்கள் என்றால் அந்த முறைப்பே ஒரு தணிக்கை. தேர்தல் நின்றால் முதலில் பறிபோவது, சுழற்சியில் தலைவராகியிருக்க வேண்டிய பட்டியல் சாதிப் பெண்ணின் நாற்காலி.

இலங்கையில் 2023 மார்ச் 9-இல் நடக்கவேண்டிய உள்ளூராட்சித் தேர்தல் பணமில்லை என்று நின்றது. அது அடிப்படை உரிமை மீறல் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2024 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. 2025 மே 6-இல் தேர்தலும் நடந்தது. அங்கே சொன்ன காரணம் பணமில்லை, இங்கே சொன்னது வார்டு மறுவரையறை. வரையறை தேவைதான், ஆனால் பதவிக்காலம் முடியும் தேதி ஐந்தாண்டுக்கு முன்பே தெரிந்ததல்லவா? மக்களவையின் ஆயுளை 1976-இல் ஓராண்டு நீட்டுவதற்கு நெருக்கடி நிலையே தேவைப்பட்டது. ஊராட்சிக்கு வார்டு எல்லையே போதுமானதாக இருக்கிறது.