காய்ச்சினாலும் போகாதது
(தோட்டக் குடும்பங்களின் மாதாந்தக் கூட்டத்தில் நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



இன்றைக்குச் சம்பளத்தைப் பற்றியோ கூரைத் தகரத்தைப் பற்றியோ பேச வரவில்லை. அதற்கு வேறு நாள் இருக்கிறது. நாங்கள் செய்த ஒரு பிழையைச் சொல்லி ஆரம்பிக்கிறோம்.

பல வருஷமாக லயத்துக்கு லயம் போய் நாங்கள் சொன்னது ஒன்றுதான்: தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள். அது சரியான பேச்சு. வயிற்றோட்டக் கிருமி காய்ச்சினால் சாகும். ஆனால் போன வருஷம் ஒரு தங்கச்சி, கைக்குழந்தைக்குப் போத்தல் பால் கரைத்துக்கொண்டு இருந்தவ, எங்களிடம் கேட்டா: "ஐயா, பசளை உப்பும் காய்ச்சினால் போயிருமா?" நாங்கள் போகும் என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டோம். பிறகு பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டபோதுதான் வெட்கமாகப் போயிற்று. போகாது. தண்ணீர் ஆவியாகிக் குறையக் குறைய அந்த உப்பு இன்னும் செறிவாகும்.

அந்த உப்புக்கு நைத்திரேற்று என்று பெயர். யூரியாவிலிருந்தும், மாட்டெருவிலிருந்தும், மலசலகூடக் குழியிலிருந்தும் வருவது. நிறம் இல்லை, மணம் இல்லை, ருசியும் காட்டாது. ஒரு லீற்றர் குடிதண்ணீரில் 50 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. பெரியவர்களுக்கு உடனே ஒன்றும் தெரியாது. ஆறு மாதம் ஆகாத பிள்ளைக்கு அப்படி அல்ல. இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுபோக மாட்டாமல் உதடும் நகமும் நீலம் பாய்ந்துவிடும். நீலக் குழந்தை நோய் என்று அதைத்தான் சொல்கிறார்கள். அப்படிக் கண்டால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் குடிக்கிற பிள்ளைக்கு இந்தப் பயம் இல்லை.

இது எங்கள் கரையில் ஏன் பெரிய விஷயம்? எங்கள் மண்ணைப் பாருங்கள். சிலாபத்திலிருந்து முந்தல், பாலாவி தாண்டிக் கற்பிட்டி வரைக்கும் கரையோரம் எங்கும் மணல். கற்பிட்டியில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு. நடுவில் மணலுக்குள் நிற்கும் நல்ல தண்ணீர் மழை தந்தது. அது உப்புத் தண்ணீருக்கு மேலே, பால் மேல் ஆடை போல மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி நல்ல தண்ணீர் நின்றால் கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும் என்பது கணக்கு. அதைத் திருப்பிப் பார்த்தால் பயம் வரும். ஓரடி இறைத்துக் குறைத்துவிட்டால் கீழேயிருந்து உப்பு அத்தனை அடி மேலே ஏறப் பார்க்கும்.

கற்பிட்டிப் பக்கம் வெங்காயம், மிளகாய், உருளைக்கிழங்குத் தோட்டங்களில் வேலைக்குப் போன ஆட்கள் இங்கே இருக்கிறீர்கள். பசளையைப் போட்டுக் கிணற்றை இறைத்துப் பாய்ச்சுவார்கள். மணல் ஒன்றையும் பிடித்து வைக்காது. பாய்ச்சிய தண்ணீர் பசளையைக் கரைத்துக்கொண்டு அதே கிணற்றுக்குள் திரும்பி இறங்கும். மறுநாள் அதையே இறைப்பார்கள். அங்கே பல கிணறுகளில் நைத்திரேற்று அளவு மீறியதை 1980களிலேயே ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். எங்கள் தென்னந்தோட்டத்தில் அவ்வளவு பசளை போடுவதில்லை என்பது உண்மை. ஆனால் எங்கள் லயத்துக் குழிக்கும் கிணற்றுக்கும் எத்தனை அடி என்று அளந்து பார்த்தவர் யார்? குறைந்தது 50 அடியாவது வேண்டும். இந்த மணலுக்கு அதுவும் காணாது என்றுதான் நாங்கள் நினைக்கிறோம்.

இனி மின்சாரக் கதை. அதற்கும் கிணற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள்.

நுரைச்சோலை நிலக்கரி மின் நிலையத்தின் முதல் பகுதி 2011இல் திறக்கப்பட்டது. 2014இல் மூன்றும் சேர்ந்து 900 மெகாவாற் ஆயிற்று. நாட்டுக்கு அது பெரிய வெளிச்சம், மறுக்கவில்லை. கரித்தூசியும் சாம்பலும் விழுவது பக்கத்து வீட்டுக் கூரையில், பயிரில். அதே கரையில் மாம்புரியில் 2010 முதல் காற்றாலைகள் சுற்றுகின்றன. ஒன்றைக் கவனித்தீர்களா? வைகாசிக்குப் பிறகு தென்மேற்குக் காற்று வீசும்போது கடல் கொந்தளித்துக் கப்பலில் இருந்து நிலக்கரி இறக்க முடியாது. முன்கூட்டியே குவித்து வைக்க வேண்டும். அந்தக் காற்றுத்தான் காற்றாலைக்கு நல்ல காற்று. 2030க்குள் மின்சாரத்தில் 70 வீதத்தைக் காற்று, வெயில், நீர் போன்றவற்றிலிருந்து எடுப்பது என்று அரசாங்கம் இலக்கு அறிவித்தது. நல்லது. 2022இல் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு வந்தபோது மோட்டர் ஓடாமல், பிள்ளை மடுவத்தில் ஒரு வாளித் தண்ணீருக்கு அலைந்ததை மறக்கவில்லை.

ஆனால் இதையும் சொல்ல வேண்டும். வெயிலில் ஓடும் சூரிய மோட்டருக்கு டீசல் காசு இல்லை, பில் இல்லை. காலை தொடக்கம் பொழுது சாயும் வரைக்கும் சும்மா ஓட விடலாம். டீசல் மோட்டரைக் காசுக்குப் பயந்தாவது நிறுத்துவார்கள். இதை யார் நிறுத்துவது? சுத்தமான மின்சாரத்தாலேயே கிணற்றை உப்பாக்கிவிடலாம். ஆகவே சூரிய மோட்டர் தருகிறவர்கள் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் இறைக்கலாம் என்ற அளவையும் சேர்த்துத் தர வேண்டும். மின்சாரத்துக்கு வீதமும் வருஷமும் குறிக்கிற அரசாங்கம் கிணற்றுக்கும் குறிக்கட்டும். பிரதேச சபையிலும் இதைக் கேட்போம்.

எங்கள் கையில் உள்ள வழி ஒன்று வேலியிலேயே நிற்கிறது: கிளிரிசீடியா, சீமைக்கிளுவை. 2005இல் அதைத் தேயிலை, றப்பர், தென்னைக்கு அடுத்த நாலாவது தோட்டப் பயிர் என்று அறிவித்தார்கள். தழையைத் தென்னைக்கு அடியில் போட்டால் யூரியாவின் வேலையில் பெரும்பங்கைச் செய்யும், மெதுவாகக் கரையும். லுணுவில தென்னை ஆராய்ச்சி நிலையமும் இதைச் சிபாரிசு செய்கிறது. தடி அடுப்புக்கும் ஆகும், கொதிகலனுக்கும் ஆகும். வெட்ட வெட்டத் துளிர்க்கும். யூரியாவை ஒரே நாளில் நிறுத்தச் சொல்லவில்லை. 2021இல் அப்படிச் செய்து விவசாயி பட்ட பாடு போதும். மழைக்கு முந்தின நாள் மொத்தமாகக் கொட்டாமல் பிரித்துப் போடச் சொல்கிறோம்.

வருகிற புதன்கிழமை எல்லாக் கிணற்றிலும் தண்ணீர் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புகிறோம். போத்தல்கள் பிள்ளை மடுவத்தில் இருக்கின்றன. சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டாம். அதே கிணற்றுத் தண்ணீரால் மூன்று தரம் அலசிவிட்டு நிரப்புங்கள். எந்தக் கிணறு என்று மறக்காமல் எழுதி ஒட்டுங்கள். முடிவு வரும் வரைக்கும் போத்தல் பால் குடிக்கிற பிள்ளைகள் உள்ள வீட்டுக்குப் பவுசர் தண்ணீரில் முதல் வாளி. அந்தத் தங்கச்சியின் வீட்டில் இருந்து தொடங்குகிறோம்.