பழைய கணினியும் புதிய கார்டும்

(எமது சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"விஞ்ஞானமும் வாலிபரும்" என்னும் பொருளிலே பேசும்படி செயலாளர் எம்மைப் பணித்தார். அத்துணைப் பெரிய பொருளை எடுத்தாள எமக்கு வயதும் போதாது, அறிவும் போதாது. ஆகவே நாமே பட்டுத் தெளிந்த ஒரு சிறு விடயத்தை மாத்திரம் உங்கள் முன் வைக்கின்றோம். பழைய கணினிக்குப் புதிய கிராபிக்ஸ் கார்டு வாங்குமுன், அது பொருந்துமா என்று பார்ப்பது எப்படி என்பதே அவ்விடயம்.

எமது தோட்டத்து வாசிகசாலையிலே ஒரு மேசைக் கணினி உண்டு. கொழும்பு அலுவலகம் ஒன்று கழித்துவிட்டதை இரண்டாங் கையாக வாங்கினோம். உயர்தர வகுப்புப் பிள்ளைகள் அதிலே பொறியியல் வரைபடம் பழகினார்கள். திருவிழாப் படங்களைத் தொகுத்தார்கள். படம் அசைவதற்குள் தேநீர் ஆறிவிடும். கார்டு ஒன்று போட்டால் எல்லாம் ஓடும் என்று யாரோ சொன்னார்கள். நாமும் நம்பினோம். நான்கு வீட்டுத் தாய்மார் தங்கள் தீபாவளி முற்பணத்திலிருந்து பணம் தந்தார்கள். கினிகத்தேனை, அவிசாவளை வழியாகக் கொழும்புக்குப் பஸ் ஏறி, கடையிலே பளபளத்த ஒன்றை வாங்கி, இரவோடிரவாக ஹட்டன் வந்து சேர்ந்தோம்.

மறுநாள் பெட்டியைத் திறந்தோம். கார்டு உள்ளே போகவில்லை. எமது கணினி ஒடுங்கிய வகை. கார்டோ முழு உயரம். கடைக்காரர் "திறந்த பெட்டியைத் திருப்பி எடுக்க மாட்டோம்" என்றார். அவர்மீது குற்றமில்லை. என்ன கணினி என்று அவர் கேட்கவில்லை, நாமும் சொல்லவில்லை. அந்தக் கார்டு ஐந்து மாதம் அலுமாரியிலே துணி சுற்றிக் கிடந்தது. பணம் தந்த தாய்மாரில் ஒருவரும் அதைப்பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் எமக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்பர்களே, 2024 செப்டெம்பரிலே தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா என நிர்ணயிக்கப்பட்டது. அந்தக் கணக்கிலே 54,000 ரூபாவுக்கு ஒரு கார்டு வாங்கினால், அது 40 முழுப் பேர். மழையிலும் அட்டைக்கடியிலும் 40 நாள் எடுத்த கொழுந்து. அதை ஓர் அளவுகோலும் பென்சிலும் காப்பாற்றியிருக்கும் என்பதைச் சொல்லவே இங்கு நிற்கின்றோம்.

முதலாவது, நோய் எங்கே என்று பார்க்கவேண்டும். கணினி மெதுவாக ஓடுவதெல்லாம் கார்டின் குறையன்று. விண்டோஸிலே டாஸ்க் மானேஜர் என்ற பகுதியைத் திறந்துவைத்து, வேலையைச் செய்துபாருங்கள். நினைவகம் நிரம்பி வழிகிறதா, புரொசசர் நூற்றுக்கு நூறு உழைக்கிறதா, வட்டு திணறுகிறதா என்பது தெரியும். நினைவகம் போதாத கணினிக்குக் கார்டு வாங்குவது, காய்ச்சல்காரனுக்குக் கண்ணாடி வாங்கிக் கொடுப்பது போலாகும். எஸ்.எஸ்.டி. வட்டு ஒன்றும் கொஞ்சம் ராமும் போதுமானதாக இருந்தால், செலவு மிகக் குறைவு.

இரண்டாவது, இடம். மதர்போர்டிலே பீ.சீ.ஐ. எக்ஸ்பிரஸ் என்ற நீளமான பொருத்துமிடம் இருக்கிறதா என்று பாருங்கள். பின்பு கேசிங்கினுள்ளே நீளத்தை அளந்து எழுதுங்கள். சாதாரணக் கார்டின் பின்தகடு ஏறக்குறைய 12 சென்ரிமீற்றர் உயரம். ஒடுங்கிய கணினிக்குரிய குட்டைத் தகடு ஏறக்குறைய 8 சென்ரிமீற்றர். நாம் தவறியது இந்த 4 சென்ரிமீற்றரிலேதான். பல கார்டுகள் இரண்டு துளைகளின் அகலத்தையும் பிடித்துக்கொள்ளும். தேர் எத்தனை அழகாயிருந்தாலும், வீதி இடங்கொடுத்தாலன்றோ வலம் வரும்?

மூன்றாவது, மின்சாரம். இதுவே பெரிதும் கவனிக்கவேண்டியது. பெரியவர்களுக்குத் தெரியும்: அந்நாளிலே தேயிலை ஸ்டோரில் ஓர் எஞ்சின் சுழலும், அதன் ஷாப்டிலிருந்து பெல்ட் பூட்டி ரோலர்கள் எல்லாம் ஓடும். எஞ்சினின் வலுவைப் பாராமல் இன்னொரு ரோலரைப் பூட்டினால், எல்லா ரோலரும் தள்ளாடும். கணினிக்குள்ளே பவர் சப்ளைதான் அந்த எஞ்சின். அதன் பக்கத்திலே ஒட்டியிருக்கும் தாளை வாசியுங்கள். மொத்த வாற்று மட்டும் போதாது. 12 வோல்ற்று என்ற வரிசையிலே எத்தனை அம்பியர் என்று பாருங்கள். 16 அம்பியர் என்றிருந்தால், பன்னிரண்டால் பெருக்க 192 வாற்று. புரொசசருக்கு 77, மற்றவைக்கு ஏறக்குறைய 50 என்று கழித்தால், மீதி 65. பொருத்துமிடத்தின் வழியாக ஒரு கார்டு 75 வாற்று வரை இழுக்கலாம். ஆக, மிகச் சிறிய கார்டுகளிலும் சில அந்தக் கணினிக்குப் பாரமே.

அதற்குமேல் வேண்டுமென்றால், பவர் சப்ளையிலிருந்து தனி வயர் வரவேண்டும். ஆறு முனை வயர் 75 வாற்றும், எட்டு முனை வயர் 150 வாற்றும் தரும். உதாரணமாக, 2019-இல் வந்த ஜீ.டி.எக்ஸ். 1650 கார்டு 75 வாற்றுக்குள் அடங்கியது. அதிலே தனி வயர் வேண்டாத வகைகளும், குட்டை வகைகளும் உண்டு. 2023-இல் வந்த ஆர்.டி.எக்ஸ். 4060 கார்டுக்கு 115 வாற்று வேண்டும். அதற்கு 550 வாற்றுப் பவர் சப்ளையை என்விடியா நிறுவனம் பரிந்துரைக்கிறது. அலுவலகங்கள் கழித்துவிடும் கணினிகள் பலவற்றில் அதிற் பாதியளவும் இராது. அவற்றின் பவர் சப்ளை தனி வடிவில் இருப்பதால், கடையிலே கிடைக்கும் சாதாரண ஒன்றை மாற்றிப் பூட்டவும் இயலாது போகலாம்.

நான்காவது, இணக்கம். 2022-இல் வந்த ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.ரி. என்ற கார்டு நான்கு பாதைகளாலேயே மதர்போர்டோடு பேசும். பழைய மூன்றாந் தலைமுறைப் பொருத்துமிடத்திலே அதன் வேகம் குறைந்துவிடும். வீடியோவைச் சுருக்கி எழுதும் பகுதியும் அதிலே இல்லை. திருவிழாப் படம் தொகுக்க வாங்குவோருக்கு இது தெரியவேண்டாமா? ஏறக்குறைய 2012-க்கு முற்பட்ட கணினிகள் சிலவற்றில், பழைய பயோஸ் புதிய கார்டை அறியாமல், திரை இருண்டே இருப்பதுமுண்டு. பழைய மொனிட்டரிலே நீல நிற வீ.ஜீ.ஏ. வயர் மாத்திரம் இருந்தால், புதிய கார்டுகளில் அதற்கு வாயில் இராது; மின்னணு மாற்றி ஒன்று தனியே வேண்டும். கடைகளிலே கார்டையே "வீ.ஜீ.ஏ. கார்ட்" என்று சொல்வதால் பலர் ஏமாந்துபோகின்றார்கள். விண்டோஸ் 10-க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14-இல் நிறைவுற்றதையும் நினைவிற் கொள்ளவேண்டும். நாளை புதிய விண்டோஸை ஏற்காத கணினிக்கு, இன்று பெருஞ்செலவு செய்வது தகுமா என்று ஒருதரம் யோசியுங்கள்.

ஐந்தாவது, எமது மலையின் நிலைமை. குளிர் கார்டுக்கு நல்லதுதான். ஆனால் ஈரமும் விறகடுப்புப் புகையும் விசிறியிலே படிந்து காற்றை அடைத்துவிடும். பழைய லயங்களில் ஒரே வயரிலிருந்து பல காம்பராக்களுக்கு மின்சாரம் இழுத்திருப்பார்கள். மாலையிலே எல்லா வீட்டிலும் விளக்கேற்றும்போது வோல்ற்று இறங்கும். சித்திரையிலும் ஐப்பசியிலும் இடி விழும். ஆகவே நிலவயர் உள்ள சொக்கற்றும், தகுந்த யூ.பி.எஸ்ஸும் இல்லாமல் கார்டு வாங்கவேண்டாம். இரண்டாங் கைக் கார்டாயின், முன்பு என்ன வேலைக்கு இருந்தது என்று கேளுங்கள். 2022 செப்டெம்பரிலே ஈதீரியம் நாணயம் தன் முறையை மாற்றியபோது, இரவும் பகலும் நாணயம் தோண்ட உழைத்த கார்டுகள் ஏராளமாகச் சந்தைக்கு வந்தன. ஓடிக்காட்டச் சொல்லாமல் பணத்தை நீட்டாதீர்கள்.

நாம் படித்த மிஷன் பாடசாலையிலே, பழைய துருத்தியில் புதிய ரசத்தை வார்க்கலாகாது என்ற உவமையைச் சொல்லித் தந்தார்கள். அப்போது அது பரீட்சைக்குரிய பாடமாக இருந்தது. அலுமாரியிலே கிடந்த கார்டுதான் எமக்கு அதன் பொருளைச் சொன்னது.

இறுதியில் அக்கார்டை நட்டத்துக்கு விற்றோம். அத்தொகையோடு நாம் ரியூஷன் கொடுத்துச் சேர்த்ததையும் கூட்டி, அளந்து, கணக்குப் போட்டு, குட்டைக் கார்டு ஒன்று வாங்கினோம். அது பெரிய கார்டன்று, ஆனால் ஓடுகிறது. இப்போது பிள்ளைகள் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள். விற்றதில் இழந்த பணத்தை இன்னும் அந்தத் தாய்மாருக்குக் கொடுத்து முடிக்கவில்லை. அதை இச்சபையிலே சொல்வது எமது கடமை.

எனவே ஒரு வேண்டுகோள். எமது சங்கத்திலே ஒரு கொப்பி வைப்போம். அங்கத்தவர் வீட்டுக் கணினி ஒவ்வொன்றின் உள்நீளம், தகட்டு உயரம், பவர் சப்ளைத் தாளிலுள்ள இலக்கங்கள், மொனிட்டரின் வாயில் ஆகியவற்றை அதிலே எழுதிவைப்போம். கொழும்புக்குப் போகிறவர் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துக்கொண்டு போகட்டும். தெரிந்தவர் தெரியாதவர் வீட்டுக்குப் போய் அளந்து கொடுக்கட்டும். இதற்குச் செலவு ஒரு கொப்பியின் விலைதான்.

பெரியோர்களுக்கும் ஒரு வார்த்தை. பிள்ளை கார்டு வேண்டுமென்று கேட்டால், வீண் விளையாட்டென்று கோபிக்காதீர்கள். உடனே பணத்தையும் எடுத்துக் கொடுக்காதீர்கள். "அளந்து பார்த்தாயா, தம்பி?" என்று மட்டும் கேளுங்கள். எம்மை ஒருவர் அப்படிக் கேட்டிருந்தால், இந்த உரைக்கே தேவை இருந்திராது.