கிணறு வெட்டியவரும் படகுப் பந்தயமும்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சென்ற மாதம் காரியதரிசி அவர்கள் என் இல்லத்திற்கு வந்து, பரீட்சையும் உத்தியோகமும் தவிர்த்து இளைஞர்க்கு உகந்த வேறொரு விஷயத்தைப் பற்றிப் பேச வேண்டுமென்று கேட்டுக்கொண்டார்கள். ஆகையால் படகுப் பந்தயத்தைப் பற்றிப் பேசத் துணிந்தேன். நான் துடுப்புப் பிடித்தவனல்லன். மந்தைவெளியில் வசிப்பவன், காலையில் உலாவச் செல்லும்போது கோட்டூர்புரம் பாலத்தின்மீது சற்று நின்று அடையாற்றைப் பார்ப்பவன். அவ்வளவே என் யோக்கியதை.

மயிலாப்பூரில் வளர்ந்த நம்மவர்க்குத் தெரிந்த ஓடம் தை மாதத்தில் கபாலீசுவரர் எழுந்தருளும் தெப்பம் ஒன்றே. ஆனால் நம் வீட்டு வாசலுக்குச் சமீபத்தில், ராஜா அண்ணாமலைபுரத்து ஆற்றங்கரையில், மெட்ராஸ் போட் கிளப் என்னும் சங்கம் 1867-ஆம் ஆண்டு முதல் இருந்து வருகிறது. வெள்ளையர் தொடங்கியது அது. கொழும்பு நகரத்துப் படகுச் சங்கத்தாரோடு 1898-இல் தொடங்கிய பந்தயம் உலகப் போர்களையும் கடந்து நிலைத்திருக்கிறது. இவ்வளவு அருகில் நடப்பதை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவர்? கேட்டால், “அது செல்வர் விளையாட்டு” என்பர். ஆற்று நீரின் நாற்றத்தையும் எடுத்துச் சொல்வர். இரண்டிலும் உண்மை உண்டு. ஆயினும் நம் தேசத்திற்கு இவ்விளையாட்டில் கீர்த்தி தேடித் தந்தவர்கள் செல்வர் வீட்டுப் பிள்ளைகளா என்று பார்ப்போம்.

மகாராஷ்டிரத்தில் நாசிக் ஜில்லா, சாந்த்வட் தாலுகாவில் தளேகாவ் ரோஹி என்றொரு கிராமம் உண்டு. மழை பொய்க்கும் பூமி. அங்கே தத்து போகனல் என்னும் இளைஞர் தம் தந்தையாரோடு கிணறு வெட்டும் கூலி வேலை செய்து வந்தார். பெட்ரோல் விற்கும் நிலையத்திலும் உழைத்தார். நீரைத் தேடிப் பாறையைக் குடைந்த அவருக்கு நீரில் மிதக்கும் பாக்கியம் வருமென்று யார் நினைத்திருப்பர்? தந்தையார் நோயினால் இறந்தபின், குடும்ப பாரத்தைச் சுமக்கும்பொருட்டு 2012-இல் பட்டாளத்தில் சேர்ந்தார். அங்கே அவருடைய உயரத்தைக் கண்ட ஒரு பயிற்சியாளர் படகில் ஏற்றினார். முதலில் நீரைக் கண்டு அஞ்சியவர்தாம் அவர்.

நான்கே ஆண்டுகள். 2016-இல் ரியோ நகரத்து ஒலிம்பிக் பந்தயத்திற்கு, இந்தியாவின் சார்பில் தனியாளாகத் துடுப்பிடச் சென்றார். அச்சமயம் அவருடைய தாயார் விபத்தில் தலையில் அடிபட்டுப் படுக்கையில் கிடந்தார். மகன் அடைந்த பதவியை அறியும் நிலையில் அந்த அம்மையார் இல்லை. அந்தத் துயரத்தை மனத்திலே வைத்துக்கொண்டு துடுப்பிட்டு, அவர் உலகத்தார் நடுவே 13-ஆம் இடம் பெற்றார். பதக்கம் இல்லையென்று சிலர் உதட்டைப் பிதுக்கலாம். ஒலிம்பிக் படகுப் பந்தயத்தில் அதுவரை எந்த இந்தியரும் அவ்வளவு தூரம் முன்னேறியதில்லை.

பின்பு 2018-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், இந்தோனேசியாவின் பாலெம்பாங் நகரில் ஆசிய விளையாட்டுப் போட்டி. ஆகஸ்டு 23-ஆம் தேதி நம் படகோட்டிகளுக்கு ஒரு பதக்கமும் கிட்டவில்லை. தத்து தம் தனிப் பந்தயத்தில் ஆறாவதாக, கடைசியில் வந்து சேர்ந்தார். உடல் நலமின்மையே காரணமென்பது அவர் கூற்று. வேண்டுமென்றே தளர்ந்தார் என்று கருதிய படகுச் சம்மேளனத்தார் 2019-இல் அவரை இரண்டாண்டு விலக்கி வைத்து, 2020-இல் அத்தடையை நீக்கினர். வழக்கை நான் இங்கே விசாரிக்கப் போவதில்லை. மறுநாள் நடந்ததே என் விஷயம்.

மறுநாள் அவர் நால்வர் படகில் அமர்ந்தார். அப்படகில் ஒவ்வொருவருக்கும் இரண்டு துடுப்புகள், மொத்தம் எட்டு. சுக்கான் பிடிக்கத் தனியாள் கிடையாது. தூரம் 2,000 மீட்டர். நால்வரும் போகும் திசைக்கு முதுகு காட்டி அமர்ந்திருப்பதால், முடியும் இடம் ஒருவர் கண்ணுக்கும் நேரே தெரியாது. முன்னிருப்பவர் முதுகுதான் தெரியும். எட்டுத் துடுப்புகளும் ஒரே கணத்தில் நீரில் இறங்கி ஒரே கணத்தில் எழ வேண்டும். ஒருவர் இமைப்பொழுது பிந்தினாலும் படகு தடுமாறும். கூட்டுக் குடும்பத்தில் வாழ்ந்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை!

உடனிருந்தோர் மூவர்: பஞ்சாபின் மான்ஸா ஜில்லாவைச் சேர்ந்த சவர்ண் சிங், சுக்மீத் சிங், ராஜஸ்தானத்து ஓம் பிரகாஷ். நால்வரும் சிப்பாய்களே. சவர்ண் சிங் 2014-இல் வெண்கலப் பதக்கம் வென்று, பின் முதுகு நோயினால் நெடுநாள் படகைத் தொடாமலிருந்தவர். முன்னாள் தோல்வியைக் கரையிலேயே விட்டுவிட்டு, 6 நிமிஷம் 17.13 விநாடியில் எல்லையைக் கடந்தார்கள். இந்தோனேசியர் மூன்று விநாடிக்குமேல் பிந்தினர். இப்போட்டிகளில் அதற்குமுன் இந்தியாவிற்குப் படகில் கிடைத்த தங்கம் ஒன்றே. அதை 2010-இல் வென்ற பஜ்ரங் லால் தாக்கரும் பட்டாளத்துக்காரர்தாம்.

இங்கே ஒன்று கவனிக்கத்தக்கது. இவர்களுக்குப் படகு தந்தவர் யார்? சோறு தந்தவர் யார்? பட்டாளம். மாதச் சம்பளமும் பயிற்சியும் அதுவே தந்தது. இல்லையேல் தத்து இன்றும் கிணற்றடியில் இருந்திருப்பார்.

பட்டாளமின்றியும் இது கூடுமோ என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் வாஷிங்டன் சர்வகலாசாலை மாணவர் எண்மரும், அவர்களுக்குச் சுக்கான் பிடித்த ஒருவரும், 1936-இல் பெர்லின் ஒலிம்பிக் போட்டிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். பெரும் பஞ்சகாலம் அது. அவர்களில் பலர் மரம் வெட்டியும் பண்ணையில் உழைத்தும் படித்தவர்கள். ஜோ ரான்ட்ஸ் என்பவர் சிறு வயதில் குடும்பத்தாரால் தனியே விடப்பட்டவர். தேர்ந்தெடுத்த கமிட்டியாரோ, பிரயாணச் செலவிற்கு 5,000 டாலர் கொண்டுவரச் சொன்னார்கள். சியாட்டில் நகரத்துப் பத்திரிகைகளும் ஜனங்களும் சில தினங்களிலேயே அப்பணத்தைச் சேர்த்துத் தந்தனர். ஆகஸ்டு 14-ஆம் தேதி, ஹிட்லர் பார்த்திருக்க, காய்ச்சலோடிருந்த டான் ஹ்யூமை முதலாக அமர்த்தித் துடுப்பிட்டு, இத்தாலியரை ஒரு விநாடிக்கும் குறைவான வித்தியாசத்தில் வென்றார்கள். கரையிலிருந்து காசு கொடுத்த சியாட்டில் கடைக்காரர்க்கும் அப்பதக்கத்தில் பங்குண்டு என்றே நான் கருதுகிறேன்.

இப்போது நம் விஷயத்திற்கு வருகிறேன். நம் கல்வி நிதியில் பரீட்சையில் முதன்மை பெறுவோர்க்கு வருஷந்தோறும் பரிசு தருகிறோம், அது வேண்டியதே. ஆனால் உடல் வலியும் மனவுறுதியும் உள்ள, மதிப்பெண் குறைந்த ஒரு பிள்ளைக்கோ பெண்ணுக்கோ நாம் தந்தது என்ன? படகோட்டும் மாப்பிள்ளைக்குக் கல்யாணச் சந்தையில் விலையில்லை என்று இப்போதே சில தாய்மார்கள் சிரிப்பது எனக்குக் கேட்கிறது. சிரியுங்கள், ஆனால் தடுக்காதீர்கள்.

ஆகவே என் விண்ணப்பம் யாதெனில், அந்நிதியில் பத்தில் ஒரு பங்கை விளையாட்டில் தேர்ந்த இளைஞர், யுவதியரின் பயிற்சிக் கட்டணம், பஸ் செலவு, காலை ஆகாரம் ஆகியவற்றிற்கென ஒதுக்க வேண்டும். பயனாளி நம் சமூகத்துப் பிள்ளையாகவே இருக்க வேண்டுமென்ற விதியையும் இதற்கு வைக்க வேண்டாம். ஆற்றங்கரைக் குடிசையில் வளரும் பிள்ளைக்குத் தோளுரம் நம் பிள்ளைகளைவிட அதிகமாகவே இருக்கலாம். முதல் வருஷத்திற்கு என் பங்காக ஆயிரம் ரூபாயைப் பொக்கிஷதாரரிடம் இப்போதே கொடுத்துவிட்டேன். தீர்மானத்தை அடுத்த நிர்வாக சபைக் கூட்டத்தில் பிரேரேபிக்கக் காரியதரிசி அவர்கள் இசைந்திருக்கிறார்கள். ஆமோதிக்க ஒருவர் வேண்டும்.