ஓர் எண், இரு கருவிகள்



திருச்சிராப்பள்ளிக் காந்தி மார்க்கெட்டுக்குள் செல்வோர் அங்குள்ள மண்டிகளின் பெயர்ப்பலகைகளைச் சற்று உற்று நோக்க வேண்டும். கடையின் பெயர் ஒரு வரியில் இருக்கும். அதற்குக் கீழே, பல பலகைகளில் அப்பெயரினும் பெரிய எழுத்தில், பத்து இலக்கங்கள் நிற்கும். இரவில் வரும் சரக்கு லாரி எங்கே நிற்கிறது என்று அறியவும், ஒட்டன்சத்திரத்தில் தக்காளி என்ன விலைக்குப் போயிற்று என்று கேட்கவும், கொடுத்த கடனை மெல்ல நினைவூட்டவும் அப்பத்து இலக்கங்களே வழி. வணிகருக்கு அவை இன்று இரண்டாம் பெயராகிவிட்டன. அந்தப் பெயர் எங்கே குடியிருக்கிறது? கைப்பேசியிலா, அதனுள் செருகிய சிம் அட்டையிலா, அன்றி வேறோரிடத்திலா? இது தெரிந்தால்தான், ஒரே எண்ணைக் காரில் ஒரு கருவியிலும் கையில் ஒரு கருவியிலும் வைத்துக்கொள்ள இயலுமா என்ற கேள்விக்கும் விடை கிடைக்கும்.

பழைய கம்பித் தொலைபேசியில் இந்த ஐயத்துக்கு இடமே இல்லை. எண் அங்கே கம்பிக்கு உரியது. ஆல்மன் ஸ்ட்ரோஜர் என்ற அமெரிக்கர் 1891-இல் தானியங்கி இணைப்பகத்துக்குக் காப்புரிமை பெற்றார். (அவர் பொறியாளர் அல்லர், இறுதிச் சடங்குகளை ஏற்பாடு செய்து பிழைத்தவர்!) அம்முறையில் வளர்ந்த இணைப்பகங்களில், நாம் சுழற்றும் ஒவ்வோர் இலக்கமும் அங்குள்ள ஓர் இயந்திரக் கையை இத்தனை படி ஏறு, இத்தனை படி திரும்பு என்று ஏவியது. ஆகவே எண் என்பது ஆளின் பெயர் அன்று. ஒரு வீட்டுக்குப் போகும் வழிக்குறிப்பு. அவ்வழியின் முடிவில் ஒரே கம்பியில் இரு கருவிகளை இணைத்துக் கடையில் ஒன்றும் மாடியில் ஒன்றுமாக வைத்துக்கொள்வதில் தடையொன்றும் இல்லை. இரண்டும் ஒருங்கே மணியடிக்கும். கீழே பேசுவதை மேலே எடுத்துக் கேட்கவும் கேட்கலாம்; அதனால் விளைந்த குடும்பச் சண்டைகளும் உண்டு.

கம்பி அறுந்து காற்றில் பேச்சு போகத் தொடங்கியபோதுதான் சிக்கல் பிறந்தது. வியப்பு என்னவெனில், காரில் வைத்த தொலைபேசி கைப்பேசிக்கு மூத்தது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் 1946 ஜூன் 17-இல் கார்த் தொலைபேசிச் சேவை தொடங்கியது. அக்கருவியின் எடை ஏறத்தாழ 36 கிலோகிராம். அதைச் சுமக்கக் கார்தான் வேண்டும். மார்ட்டின் கூப்பர் கையில் பிடித்த கருவியிலிருந்து நியூயார்க் தெருவில் நின்று பேசியது 1973 ஏப்ரல் 3-இல்தான். அதன்பின் 1980-களில் பரவிய செல்பேசி முறையில், எண்ணையும் கருவியின் தொடர் எண்ணையும் கருவிக்குள்ளேயே எழுதி வைத்தனர். அழைக்கும்போது கருவி அவ்விரண்டையும் காற்றில் உரக்கச் சொல்லும். காரில் ஒரு கருவி, கையில் ஒரு கருவி என்றால் இரண்டு எண்கள், இரண்டு கட்டணங்கள். இதை விரும்பாதோர் கைக்கருவியின் தொடர் எண்ணை மாற்றிக் கார்க்கருவியின் நகலாக்கினர். திருடர்களும் அதையே செய்தனர். சாலையோரம் நின்று காற்றில் வந்த எண்களைப் பிடித்து, பிறர் கணக்கில் பேசினர். அமெரிக்க அரசு 1994-இல் வகுத்த விதிகளில் தொடர் எண்ணை மாற்றுவதையே தடை செய்தது. வசதிக்குச் செய்த நகலும் திருட்டுக்குச் செய்த நகலும் வலைப்பின்னலின் கண்ணுக்கு ஒன்றாகவே தெரிந்தன. நான் இன்று சொல்ல வந்த செய்தியின் வேர் இங்கேதான் இருக்கிறது.

பின்லாந்தில் 1991 ஜூலை 1-இல் முதல் அழைப்புச் சென்ற ஜி.எஸ்.எம். முறை, அடையாளத்தைக் கருவியிலிருந்து பிரித்துச் சிம் அட்டையில் வைத்தது. நம் நாட்டில் 1995 ஜூலை 31-இல் மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசு கல்கத்தாவிலிருந்து தில்லியில் இருந்த அமைச்சர் சுக்ராமுடன் பேசிய முதல் செல்பேசி அழைப்பும் இம்முறையைச் சேர்ந்ததே. அட்டைக்குள் இருப்பது நம் பத்து இலக்க எண் என்று பலரும் எண்ணுகின்றனர். அது சரியன்று. அட்டையை ஆள்வன இரண்டு: இந்தியாவில் 404 அல்லது 405 என்று தொடங்கும் ஒரு 15 இலக்க உள்ளெண், அட்டையை விட்டு ஒருபோதும் வெளியே வராத ஓர் இரகசியம். வலைப்பின்னல் ஒரு புதிர் எண்ணை அனுப்பும். அட்டை தன் இரகசியத்தைக் கொண்டு கணக்கிட்டு விடையை மட்டும் திருப்பி அனுப்பும். காற்றில் காது வைத்துத் திருடுவோருக்குப் புதிரும் விடையும் கிடைக்கலாம், திறவுகோல் கிடைக்காது.

அப்படியாயின் பத்து இலக்க எண் எங்கே? சேவை நிறுவனத்தின் பதிவேட்டில். மண்டிக் கணக்கப்பிள்ளையின் பேரேட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பத்தியில் நம் எண், அடுத்த பத்தியில் அட்டையின் உள்ளெண், அதற்கடுத்த பத்தியில் அந்த அட்டை இப்போது எந்த வட்டாரத்தில் இருக்கிறது என்ற குறிப்பு. நாம் ஸ்ரீரங்கத்திலிருந்து தஞ்சாவூருக்குப் போனால் பழைய குறிப்பை அழித்துப் புதியதை எழுதுவார்கள். ஓர் உள்ளெண்ணுக்கு ஓரிடம்தான். ஒரே அட்டைக்கு யாரேனும் நகல் செய்து இரு கருவிகளில் இட்டால், கடைசியாகத் தன்னைப் பதிந்துகொண்ட கருவிக்கே அழைப்பு வரும். மற்றது ஊமையாகக் கிடக்கும்.

காந்தி மார்க்கெட்டில் காய்கறி மண்டி நடத்தும் ஒருவர் சில மாதங்களுக்கு முன் இதைப் பற்றி என்னிடம் கேட்டார். அவர் வாங்கிய புதிய காருக்குள்ளேயே ஒரு சிம் இருக்கிறதாம். "என் நம்பரையே அதுலயும் போட்டுட முடியுமா சார்? வண்டியிலே இருந்தாலும் கடையிலே இருந்தாலும் ஒரே நம்பர்லே கிடைக்கணும்" என்றார். காருக்குள் பதிந்த அட்டை பெரும்பாலும் கார் தன் இருப்பிடத்தையும் உடல்நிலையையும் தெரிவிப்பதற்கானது, உரிமையாளர் பேசுவதற்கன்று. இத்தகைய இயந்திரங்களுக்கென 13 இலக்க எண்களை ஒதுக்கும் ஏற்பாடே 2018-இல் நம் நாட்டில் வந்தது. அவருக்கு வேண்டியதோ அதைவிட எளிது. புளூடூத் வழியே கைப்பேசியோடு இணைந்த கார், வெறும் வாயும் செவியும் மட்டுமே. எண், அட்டை, பதிவேட்டு வரி யாவும் சட்டைப்பையில் இருக்கும் கைப்பேசிக்கு உரியவை. சில ஐரோப்பியக் கார்களில் இன்னொரு முறையும் இருந்தது. அதில் கைப்பேசி தன் அட்டையின் அடையாளத்தைக் காருக்குக் கடன் கொடுத்துவிட்டுத் தான் மௌனமாகிவிடும். கார் தன் கூரையின்மேல் உள்ள அலைவாங்கியைக் கொண்டு பேசும். பதிவேட்டில் ஓர் இடம்தான் என்ற விதியை அது நேர்மையாக மதித்தது. எனக்கு அம்முறையில் ஒரு தனிப் பிரியம் உண்டு.

உண்மையிலேயே இரு கருவிகள் ஓர் எண்ணில் ஒலிக்க வேண்டுமானால் பேரேட்டையே மாற்றி எழுத வேண்டும்: இரண்டு அட்டைகள், இரண்டு உள்ளெண்கள், இரண்டுக்கும் எதிரே ஒரே வெளியெண். ஜெர்மனி முதலிய நாடுகளில் இச்சேவை நெடுநாளாக உண்டு. இந்தியாவில் 2018 மே மாதம் ஏர்டெல், ஜியோ இரண்டும் ஆப்பிள் கைக்கடிகாரத்துக்காக இதை அளித்தன. கைப்பேசியை வீட்டில் விட்டுச் சென்றாலும், அதே எண்ணுக்கு வரும் அழைப்பு மணிக்கட்டில் ஒலித்தது.

ஆனால் அம்மண்டிக்காரர் கேட்டதில் இன்னொரு பகுதியும் இருந்தது. கடையில் உள்ள பையனிடமும் அதே எண்ணில் ஒரு கருவி இருக்க வேண்டும் என்றார். நான் தயங்கியது அங்கேதான். 2020-இல் நோய்த்தொற்றுக்காகக் காந்தி மார்க்கெட்டை மூடியபோது மொத்த வணிகர்கள் பொன்மலை ஜி கார்னர் மைதானத்துக்குச் சென்று வணிகம் செய்தனர். "கடை பூட்டிக் கிடந்தது, நம்பர் திறந்தே இருந்தது" என்று அவரே சொன்னார். கடையினும் உறுதியாக நின்ற அந்த எண்ணுக்குத்தான் இன்று வங்கியின் ஒருமுறைக் கடவுச்சொல் வருகிறது. 2016-இல் தொடங்கிய யு.பி.ஐ. முறையும், கைப்பேசியிலிருந்து ஒரு குறுஞ்செய்தி அனுப்பச் செய்து, எண்ணையும் அக்கருவியையும் முடிச்சிட்ட பிறகே பணத்தைத் தொட விடுகிறது. எண் இன்று முத்திரை மோதிரம். ஏமாற்றுவோர் பிறர் பெயரில் மாற்று அட்டை வாங்கினால், பதிவேட்டு வரி புதிய அட்டையின் பக்கம் திரும்பிவிடும். உரியவரின் கருவியில் திடீரெனச் சமிக்ஞை மறையும். அதைக் கோளாறு என்று எண்ணி இரவெல்லாம் பொறுத்திருப்பவர் விடியுமுன் பணத்தை இழக்கிறார். கைப்பேசி காரணமின்றி ஊமையானால், வேறொரு தொலைபேசியிலிருந்து உடனே சேவை நிறுவனத்தையும் வங்கியையும் அழைக்க வேண்டும்.

ஆகவே பையனுக்குத் தனி எண் வாங்கிக் கொடுக்கவும், தாம் எடுக்க இயலாத அழைப்புகள் மட்டும் அவ்வெண்ணுக்குத் திரும்புமாறு அமைக்கவும் சொன்னேன். அழைப்பு மட்டுமே திரும்பும். கடவுச்சொல் தாங்கிய குறுஞ்செய்தி திரும்பாது. அவர் அப்படியே செய்துகொண்டார்.

காரில் பேசுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம், வண்டி ஓட்டுகையில் கையில் கருவி பிடித்துப் பேசுவதை ஆபத்தாக ஓட்டும் குற்றத்துள் சேர்த்தது. காரின் ஒலிபெருக்கியில் பேசினால் கை விடுபடும், மனம் விடுபடாது. விலை பேசிக்கொண்டே பாலத்தைக் கடப்பவர் எதிரே வருவதைப் பார்த்தும் பாராதவராகவே இருக்கிறார். வண்டியை ஓரமாக நிறுத்திப் பேசுவதால் தக்காளி அழுகிவிடாது.

கடைசியாக ஒன்று. புளூடூத்தில் இணைந்த கார், நாம் இசைந்தால் நம் தொலைபேசிப் பட்டியலையும் அழைப்புக் குறிப்புகளையும் தன்னுள் படியெடுத்து வைத்துக்கொள்ளும். வாடகைக் காரைத் திருப்பித் தரும்போதும், சொந்தக் காரை விற்கும்போதும், அதன் திரையில் இணைந்த கருவிகளின் பட்டியலைத் திறந்து, நம் கைப்பேசியின் பெயரை நீக்கிவிட்டுச் சாவியைக் கொடுங்கள்.