திருவொற்றியூர் வளர்த்த புல்லட்

(நம் குடியிருப்போர் நலச்சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



தெருமுனையில் புல்லட் திரும்பினால், எட்டிப் பார்க்காமலே கண்டுபிடித்துவிடுவீர்கள். அந்தச் சத்தத்துக்குக் காரணம் எஞ்சினின் அமைப்பு. பழைய 346 சிசி எஞ்சினில் சிலிண்டரின் விட்டம் 70 மில்லிமீட்டர். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 90. ஃப்ளைவீலும் கனம். எஞ்சின் நிதானமாகச் சுற்றுவதால் ஒவ்வொரு வெடிப்பும் தனித்தனியாகக் காதில் விழுகிறது. திறன் 18 குதிரைதான். ஆனால் இழுவை அதிகம்.

புல்லட் என்ற பெயர் 1932-ல் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் பிறந்தது. 1948-ல் இத்தாலியில் நடந்த சர்வதேச ஆறு நாள் போட்டியில் புதிய புல்லட்டுகள் தங்கப் பதக்கம் வென்றன. கரடுமுரடான பாதையைத் தாங்கும் வண்டி என்று பெயர் வந்தது. நம் ராணுவமும் எல்லைக் காவலுக்கு அதையே தேர்ந்தெடுத்தது.

1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்து 'என்ஃபீல்டு இந்தியா' உருவானது. ஆலை நம் திருவொற்றியூரில். முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களைப் பூட்டினார்கள். 1962-க்குள் எல்லாப் பாகங்களும் இங்கேயே தயாராயின. 1970 வாக்கில் இங்கிலாந்தில் தாய் நிறுவனமே மூடப்பட்டது. புல்லட் நிற்கவில்லை. 1977-ல் இங்கிருந்து இங்கிலாந்துக்கே ஏற்றுமதி ஆனது!

ஆகவே, 'அது வெள்ளைக்காரன் வண்டி' என்று யாராவது சொன்னால், பிறந்தது அங்கே, பிழைத்தது இங்கே என்று சொல்லுங்கள். லேத்திலும் வெல்டிங்கிலும் பெயிண்ட் ஷாப்பிலும் நின்ற வடசென்னைக் கைகள்தான் அதைக் காப்பாற்றின.

2013-ல் ஒரகடத்தில் புதிய ஆலை தொடங்கியது. பிறகு வல்லம் வடகாலிலும் வந்தது. உற்பத்தியின் பெரும்பகுதி அந்தப் பக்கம் போய்விட்டது. நம் பகுதி என்றாலே புகையும் கழிவும்தான் என்று வெளியே பேசுகிறார்கள். உலகம் முழுக்க ஓடும் வண்டியை வளர்த்த ஊர் இது என்பதை நம் பிள்ளைகளுக்கு வேறு யார் சொல்வார்கள்?

உங்களிடம் இரண்டு வேண்டுகோள். அந்த ஆலையிலோ, அதற்குப் பாகம் செய்துகொடுத்த பட்டறைகளிலோ வேலை பார்த்த பெரியவர்கள் வீட்டில் இருந்தால், அவர்கள் சொல்வதை செல்போனில் பதிவு செய்யுங்கள். பழைய போட்டோ, அடையாள அட்டை இருந்தால் பத்திரப்படுத்துங்கள். சங்கத்துக்கு ஒரு நகல் கொடுங்கள்.

இளைஞர்களே, சைலன்சரைக் கழற்றி அலறவிடாதீர்கள். புல்லட்டின் மரியாதை அதன் நிதானத்தில் இருக்கிறது. தெருவில் கைக்குழந்தைகளும் நோயாளிகளும் தூங்குகிறார்கள்.